முன்னாள் படைவீரரின் பென்ஷன் வழக்கை முதல்முறை கையில் எடுக்கும் வக்கீலுக்கு

ஈரோட்டில் செக் கேஸும் பாகப்பிரிவினையுமாக ஓட்டிக்கொண்டிருந்தவன் நான். ஒரு நாள் பவானிப் பக்கத்திலிருந்து ராணுவத்தில் நாயக் பதவியிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர் வந்தார். கையில் மஞ்சப்பை. உள்ளே பாலிதீன் கவரில் சுற்றிய டிஸ்சார்ஜ் புக், அதன்மேல் இரண்டு ரப்பர் பேண்ட். ஊனமுற்றோர் பென்ஷன் கேட்டு எழுதியது தள்ளுபடியாகி வந்திருந்தது. "ஏனுங்க வக்கீலு, இப்பக் கையில காசு இல்லீங்க. செயிச்சா வர்ற அரியர்ஸுல பத்துக்கு ஒண்ணு நீங்க எடுத்துக்கங்க" என்றார். நானும் தலையை ஆட்டிவிட்டேன்.

அன்று சாயங்காலம் சீனியரிடம் பெருமையாகச் சொன்னபோதுதான் வாங்கிக் கட்டிக்கொண்டேன். மறுநாள் காலையில் அந்த நாயக்குக்குப் போன் செய்து, முந்தின நாள் பேசியது செல்லாது என்று சொல்வதற்குள் நாக்கு உலர்ந்துவிட்டது. கோவை, திருப்பூர், நாமக்கல், தாராபுரம் பக்கமெல்லாம் இப்படிப்பட்ட கட்சிக்காரர்கள் நிறைய உண்டு. பட்டாளத்தில் கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் போட்டுப் பழகியவர்கள், நீங்கள் நீட்டும் காகிதத்திலும் அப்படியே போட்டுவிடுவார்கள். நான் தடுக்கி விழுந்த இடங்களை வரிசையாக எழுதுகிறேன்.

1. நீங்கள் யார் பக்கம் என்று முதலில் பாருங்கள்

இந்த வழக்குகளில் எதிர்மனுதாரர் ஒன்றிய அரசு. நீங்களோ உங்கள் சீனியரோ ஒன்றிய அரசின் வக்கீல் பட்டியலில் இருந்தால், வந்தவரிடம் அதை முதல் பேச்சிலேயே சொல்லிவிட்டு வேறு ஆளைக் காட்டுங்கள். கதையெல்லாம் கேட்டு முடித்த பிறகு சொன்னால், அவருடைய ரகசியம் ஏற்கெனவே உங்கள் காதுக்குள் போயிருக்கும்.

2. கட்டணத்தை முதல் நாளே எழுதுங்கள், பங்கு பேசாதீர்கள்

பெரிய பள்ளம் இங்கேதான். பார் கவுன்சில் விதிகளில் 6-ஆம் பாகம், 2-ஆம் அத்தியாயத்தை ஒருமுறை முழுக்கப் படியுங்கள். 20-ஆவது விதி, வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசக் கூடாது, கிடைக்கும் பணத்தில் பங்கும் கேட்கக் கூடாது என்கிறது. கட்சிக்காரர் தானாகவே முன்வந்து தருகிறேன் என்றாலும் கூடாது. வசூலில் பங்கு என்று ஒப்பந்தம் போட்ட ஒரு வக்கீல் தொழில்முறைத் தவறு செய்தவர் என்று 1954-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. புகார் போனால் வக்கீல்கள் சட்டம், 1961-இன் 35-ஆவது பிரிவில் கண்டிப்பு முதல் பெயர் நீக்கம் வரை எதுவும் வரலாம்.

பென்ஷன் விஷயத்தில் இன்னொரு பூட்டும் இருக்கிறது. 1871-ஆம் ஆண்டின் ஓய்வூதியச் சட்டம், 12-ஆவது பிரிவு: வரப்போகும் பென்ஷனை முன்கூட்டியே இன்னொருவருக்கு எழுதிக் கொடுத்தால் அது செல்லாது. ஆக, "பத்துக்கு ஒண்ணு" என்று பத்திரத்தில் எழுதி நோட்டரி முத்திரையே வாங்கினாலும் அந்தக் காகிதத்தால் உங்களுக்குப் பயன் கிடையாது, ஆபத்து மட்டும் உண்டு. பாதுகாப்புக்கு என்று கையெழுத்துப் போட்ட வெற்றுச் செக்கை வாங்கி வைக்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். பணம் எப்படியும் அவருடைய வங்கிக் கணக்குக்கு நேராகத்தான் வரும். உங்கள் மேஜை டிராயரில் அவருடைய செக் ஏன் கிடந்தது என்று பின்னால் யாராவது கேட்டால் சொல்வதற்கு நல்ல பதில் எதுவும் இல்லை.

காசில்லாதவரை என்ன செய்வது? நான் இப்போது செய்வது இதுதான். மொத்தக் கட்டணத்தை ஒரு தொகையாகச் சொல்லி நான்கு தவணையாகப் பிரிக்கிறேன்: காகிதம் பார்த்து அபிப்பிராயம் சொல்ல ஒன்று, மேல்முறையீடு எழுத ஒன்று, ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தில் மனுப் போட ஒன்று, விசாரணைக்கு ஒன்று. தோற்றாலும் ஜெயித்தாலும் அதே தொகை. சென்னைப் பயணம், ஜெராக்ஸ், தட்டச்சு, தபால் எல்லாம் தனி வரியில். ஏற்காடு எக்ஸ்பிரஸில் போய் வரும் செலவை மூன்று கட்சிக்காரருக்கும் மூன்று முறை எழுதும் வித்தையைப் பார்த்திருக்கிறேன். ஒரே நாளில் மூன்று வழக்குக்குப் போனால் செலவை மூன்றாகப் பிரியுங்கள். இதைத் தமிழில் ஒரே பக்கத்தில் தட்டச்சு செய்து, வாசித்துக் காட்டி, இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கு ஒரு பிரதி.

அதற்கும் முன்னால் ஒன்று. இலவச சட்ட உதவிக்குத் தகுதி இருக்கிறதா என்று பாருங்கள். வந்திருப்பவர் படைவீரரின் மனைவியாகவோ விதவையாகவோ இருந்தால், சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 1987-இன் 12-ஆவது பிரிவின்படி பெண் என்ற ஒரு காரணமே போதும், வருமான வரம்பு பார்க்க வேண்டியதில்லை. 2025 ஜூலையில் தேசிய சட்டப் பணிகள் ஆணையம் படைவீரர் குடும்பங்களுக்கென்றே ஒரு சட்ட உதவித் திட்டத்தைத் தொடங்கியிருக்கிறது. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விசாரிக்கச் சொல்லுங்கள். கட்சிக்காரர் கை நழுவிப் போகலாம். போகட்டும், அதைச் சொல்லாமல் பீஸ் வாங்குவது சரியில்லை.

கடனும் கொடுக்காதீர்கள். "நீங்களே போட்டுச் செய்யுங்க, அப்பறம் தர்றனுங்க" என்பார்கள். வழக்கு நடத்தக் கட்சிக்காரருக்குக் கடன் கொடுப்பதை 32-ஆவது விதி தடுக்கிறது.

3. ஆள் பிடித்துத் தருபவருக்குக் கமிஷன் கிடையாது

நாலு கேஸ் ஜெயித்தவுடன் ஒருவர் வருவார். சங்கத்தில் ஏதோ பொறுப்பில் இருப்பார், எல்லா எக்ஸ்-சர்வீஸ்மேன் வாட்ஸ்அப் குழுவிலும் இருப்பார். "மாசம் பத்துப் பேர் அனுப்பறேன், தலைக்கு இவ்வளவு" என்பார். 36-ஆவது விதி தரகர் மூலம் வேலை பிடிப்பதைத் தடுக்கிறது. வக்கீல் அல்லாதவருடன் கட்டணத்தைப் பங்கு போடவும் பார் கவுன்சில் விதிகளில் இடமில்லை. உங்கள் பெயரைப் போட்டு, "இவரிடம் போனால் 50 சதவீத ஊன பென்ஷன் உறுதி" என்று அவர் குழுவில் எழுதினால் அதற்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். நீக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள், அந்தச் செய்தியைப் பத்திரமாக வையுங்கள்.

ஜெயித்த ஆர்டரைக் கட்சிக்காரரின் பெயரோடு போட்டோ எடுத்துப் போடுவதும் விளம்பரம்தான். அதிலே அவருடைய நோய் விவரம் இருக்கும். ஊரே படிக்கும்.

4. மூலப் பத்திரத்தை வாங்கி வைக்காதீர்கள்

ஸ்கேன் செய்துகொண்டு, அவர் கண் முன்னாலேயே திருப்பிக் கொடுங்கள். தேவையானவை:

- டிஸ்சார்ஜ் புக், எல்லாப் பக்கமும். வெற்றுப் பக்கம் என்று விட்டுவிடாதீர்கள், பின்பக்கம் பென்சிலில் மருத்துவ வகை எழுதியிருக்கும்.
- பி.பி.ஓ. என்ற பென்ஷன் வழங்கும் ஆணை, அதன் திருத்தங்கள் எல்லாம்.
- ரிலீஸ் மெடிக்கல் போர்டு, அதாவது பணியிலிருந்து வெளியே வரும்போது நடந்த மருத்துவக் குழுப் பரிசோதனையின் நடவடிக்கை. ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்.-16 என்ற படிவம். வழக்கின் உயிரே இதில்தான் இருக்கிறது.
- காயம் என்றால் ஐ.ஏ.எஃப்.ஒய்.-2006 என்ற காய அறிக்கை, படைக்குள்ளேயே கோர்ட் ஆஃப் என்கொயரி என்ற விசாரணை நடந்திருந்தால் அதன் நடவடிக்கையும்.
- தள்ளுபடிக் கடிதம், அது வந்த உறை. உறையின் தபால் முத்திரைத் தேதி காலக்கெடுவுக்கு உதவும்.
- ஆதார், பான், வங்கிப் பாஸ்புக், முன்னாள் படைவீரர் அடையாள அட்டை.

இதில் ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறேன் என்றால், என்னிடம் இரண்டாவதாக வந்தவரின் டிஸ்சார்ஜ் புக் அவர் கையில் இல்லை. முன்பு பார்த்த வக்கீல், பாக்கிக் கட்டணம் வராமல் பைலைத் தர மாட்டேன் என்று வைத்துக்கொண்டார். எட்டு மாதம் அதற்கே போனது. கட்டண பாக்கிக்காகக் கட்சிக்காரரின் பைலைப் பிடித்து வைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை என்று 2000-ல் ஆர்.டி.சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொல்லிவிட்டது. பாக்கி வேண்டுமென்றால் தனியாக வழக்குப் போட்டு வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

5. காகிதம் இல்லையென்றால் சரியான ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுதுங்கள்

பாதிப் பேரிடம் மெடிக்கல் போர்டு நகல் இருக்காது. தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர் இணைத்துக் கேளுங்கள். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. விண்ணப்பத்தில் கையெழுத்து கட்சிக்காரருடையதாக இருக்கட்டும். அவருடைய மருத்துவ விவரத்தை நீங்கள் கேட்டால் மூன்றாம் நபர் என்று திருப்பிவிடுவார்கள்.

எங்கே அனுப்புவது? அவரவர் படைப்பிரிவின் ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸுக்கு. மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர் என்றால் பெங்களூரு, சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர், பீரங்கிப் படை என்றால் நாசிக், ஈ.எம்.ஈ. எனும் மின், இயந்திரப் பொறியாளர் படை என்றால் செகந்திராபாத். நம் ஊர்க்காரர்கள் ரெஜிமென்ட்டில் ஓய்வுபெற்று மறுபடி டி.எஸ்.சி. எனும் பாதுகாப்புக் காவல் படையில் சேர்ந்து இரண்டாவது முறை ஓய்வுபெறுவது சகஜம். அப்படியானால் இரண்டாவது பணிக்கான காகிதம் கண்ணூரில் இருக்கும். நான் வெலிங்டனுக்கு எழுதிவிட்டு மூன்று மாதம் காத்திருந்தேன். "எந்தச் சர்வீஸில் வந்த நோவு?" என்று முதல் நாளே கேட்டிருந்தால் போதும். குன்னூர் பக்கம்தானே, நேரில் போய்க் கேட்டுவிடலாம் என்று மேட்டுப்பாளையம் வழியாக மலையேறுவதும் வீண். எழுத்தில் கேட்டால்தான் எழுத்தில் பதில் வரும்.

6. ஓய்வுபெற்ற தேதியைப் பார்த்துவிட்டு வாயைத் திறங்கள்

அவர் எந்தத் தேதியில் வெளியே வந்தார் என்பதைப் பொறுத்து, நோயோ காயமோ பணியால் வந்ததா என்று முடிவு செய்யும் விதி மாறும். 1982 விதிகள், 2008 விதிகள், 2023 செப்டம்பர் 21 முதல் வந்த புதிய விதிகள் என்று மூன்று இருக்கின்றன. சேரும்போது உடம்பில் குறை எதுவும் பதிவாகவில்லை என்றால் பின்னால் வந்த நோய் பணியால் வந்ததாகவே கருத வேண்டும் என்ற தரம்வீர் சிங் தீர்ப்பை (2013) எல்லோரும் மந்திரம்போல ஓதுவார்கள். அது 1982 விதிகளை வைத்துச் சொன்னது. 2023-க்குப் பிறகு வெளியே வந்தவரிடம் அதைக் காட்டி நம்பிக்கை கொடுத்தால் நீங்கள் ஏமாற்றுகிறீர்கள், தெரிந்தோ தெரியாமலோ.

அடுத்தது சதவீதம். பணிக்காலம் முடிந்து வந்தவருக்கு ஊனம் 20 சதவீதத்துக்குக் கீழே போட்டிருந்தால் பாதை கடினம் என்று முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள். 20-உம் அதற்கு மேலும் இருந்து, பணியால் வந்தது அல்லது பணியால் கூடியது என்றும் நிலைநாட்ட முடிந்தால், 50-க்குக் கீழே உள்ளது 50 ஆகவும், 50 முதல் 75 வரை 75 ஆகவும், 76-உம் அதற்கு மேலும் 100 ஆகவும் உயரும். பணிக்காலம் முடிந்து வந்தவர்களுக்கும் இது உண்டு என்று 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

தொகையைக் காகிதத்தில் போட்டுக் காட்டுங்கள். 100 சதவீத ஊனத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் என்பது கணக்கு. சம்பளம் 40,000 என்று வைத்துக்கொள்வோம். 100-க்கு 12,000. போர்டு போட்ட 20-க்கு 2,400. அதுவே 50 ஆனால் 6,000. அகவிலை நிவாரணம் தனி. நிலுவைதான் எல்லோரும் தவறாகச் சொல்லும் இடம். ஓய்வுபெற்ற நாளிலிருந்து மொத்தமாக வரும் என்று நம்பி வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டியவரை எனக்குத் தெரியும். பென்ஷன் மறுப்பு தொடர்ந்து நடக்கும் தவறு என்பதால் தாமதமாக வந்தாலும் கேட்கலாம், ஆனால் நிலுவை பொதுவாக மனுவுக்கு முந்தைய 3 ஆண்டுகளுக்குத்தான் என்று 2008-ல் டர்செம் சிங் வழக்கில் வந்தது. மேலே சொன்ன ஆளுக்கு இதுவரை ஒன்றுமே வரவில்லை என்றால் 6,000 × 36 = 2,16,000. இதைச் சொன்னபோது என் கட்சிக்காரரின் முகம் சுருங்கியது. சுருங்கட்டும், தீர்ப்பு நாளில் சுருங்குவதற்கு இது பரவாயில்லை. நிலுவை பற்றிய தீர்ப்புகள் வந்துகொண்டே இருக்கும். மனுப் போடும் வாரத்தில் ஒருமுறை புதிதாகத் தேடிவிடுங்கள்.

7. நடந்ததை மாற்றி எழுதாதீர்கள்

லீவில் வந்தவர் காங்கேயம் ரோட்டில் பைக்கிலிருந்து விழுந்து முழங்கால் போனது. காய அறிக்கையில் "ஆண்டு விடுப்பு" என்று தெளிவாக இருக்கிறது. "டூட்டியில இருந்தன்னு எழுதீருங்க, யாருங்க பாக்கறாங்க" என்றார் கூட வந்த மச்சான். எல்லாரும் பார்ப்பார்கள். ரெக்கார்ட் ஆபீஸ் பதில் மனுவில் முதல் இணைப்பே அந்த அறிக்கைதான். பணிக்கும் காயத்துக்கும் தொடர்பு உண்மையில் இருந்தால் அதைத் தேடுங்கள்: பணிக்குத் திரும்பும் வழியா, மேலதிகாரி அனுப்பிய வேலையா. இல்லையென்றால் இல்லை என்று சொல்லி அனுப்பிவிடுங்கள். பொய் என்று தெரிந்தே பிரமாண வாக்குமூலம் தயாரித்தால் மாட்டுவது அவர் மட்டுமல்ல.

வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்காதீர்கள் என்பதும் இதோடு சேர்ந்ததுதான். மனு ஆங்கிலத்தில் இருக்கும். ஒவ்வொரு பத்தியையும் தமிழில் சொல்லிக் காட்டிவிட்டு வாங்குங்கள். ஒரு மணி நேரம் ஆகும். என் நாயக்குக்கு அப்படி வாசித்தபோதுதான் "அது லடாக் இல்லீங்க, சிக்கிம்" என்று திருத்தினார். மெடிக்கல் போர்டிலும் சிக்கிம்தான் இருந்தது.

8. நேராகத் தீர்ப்பாயத்துக்கு ஓடாதீர்கள், நாளையும் விட்டுவிடாதீர்கள்

தள்ளுபடிக் கடிதம் வந்த 6 மாதத்துக்குள் முதல் மேல்முறையீடு, அது தோற்றால் இரண்டாவது. இந்த வழிகளைப் பார்த்துவிட்டுத்தான் பொதுவாக ஆயுதப்படைத் தீர்ப்பாயம் மனுவை ஏற்கும். அதன் சென்னைக் கிளைதான் நமக்கு. ஓய்வுபெற்றவர் தான் வசிக்கும் இடத்தை வைத்தே அங்கே போடலாம், டெல்லிக்குப் போக வேண்டியதில்லை. இறுதி உத்தரவு வந்த 6 மாதத்துக்குள் மனு. மேல்முறையீட்டுக்கு 6 மாதமாகியும் பதிலே இல்லையென்றால், அதற்கடுத்த 6 மாதத்துக்குள். தாண்டிவிட்டால் தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவும் சேர்த்து.

தாமதம் உங்களுடையது என்றால் அதையும் கட்சிக்காரரிடம் சொல்லுங்கள். "ஆபீஸ்ல பைல் நகரலைங்க" என்று அரசு மேல் பழியைப் போடுவது எளிது. பட்டாளத்துக்காரர் ஒப்புகை அட்டையைப் பத்திரமாக வைத்திருப்பார், தேதியை எண்ணிப் பார்ப்பார். என் முதல் வழக்கு, மனுப் போட்டதிலிருந்து உத்தரவு வர 1 ஆண்டு 4 மாதம் எடுத்தது. ஒவ்வொரு வாய்தாவுக்குப் பிறகும் அன்றே ஒரு குறுஞ்செய்தி அனுப்பினேன். அதனால் ஆபீஸுக்கு வரும் போன் பாதியாகக் குறைந்தது, இது என் சுயநலக் கணக்கு.

9. ஸ்பர்ஷ் கடவுச்சொல்லும் வீட்டு விவகாரமும்

படைவீரர் பென்ஷன் இப்போது ஸ்பர்ஷ் என்ற அரசு இணையதளத்தில் ஓடுகிறது. கட்சிக்காரர்கள் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி உங்கள் குமாஸ்தாவிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். வாங்க வேண்டாம். அவர் உட்கார்ந்திருக்கும்போது அவர் கையாலேயே திறக்கச் சொல்லிப் பாருங்கள். ஓ.டி.பி.யை போனில் கேட்கும் பழக்கத்தை வக்கீல் ஆபீஸே உண்டாக்கினால், நாளைக்கு மோசடிக்காரன் கேட்டாலும் சொல்லிவிடுவார்.

மெடிக்கல் போர்டில் குடிப்பழக்கம், மனநோய் என்று இருக்கும். கூட வந்த மகனுக்கே தெரியாமல் இருக்கலாம். அவரைத் தனியே உட்காரவைத்துக் கேளுங்கள். கட்சிக்காரர் சொன்னதைக் காப்பது பாரதிய சாட்சிய சட்டம், 132-ஆவது பிரிவின்படி உங்கள் கடமை.

குடும்ப பென்ஷன் வழக்கில் இறந்தவரின் மனைவியும் அம்மாவும் ஒரே காரில் வருவார்கள், ஒரே வக்காலத்தில் போட்டுவிடலாம் என்பார்கள். இருவருடைய உரிமையும் மோதும் இடம் இது. ஒருவருக்கு மட்டும் ஆஜராகுங்கள், மற்றவரை வேறு வக்கீலிடம் போகச் சொல்லுங்கள். எனக்கு இதனால் ஒரு குடும்பத்தின் சகவாசமே போய்விட்டது. ஆறு மாதம் கழித்து மாமியாரும் மருமகளும் எதிரெதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன்.

10. உத்தரவு வந்த பிறகு

சான்றிட்ட நகல் வந்ததும் ஒரு பிரதியைக் கட்சிக்காரரிடம் கொடுத்து, இன்னொன்றை ரெக்கார்ட் ஆபீஸுக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். உத்தரவில் சொன்ன கெடு தாண்டினால் நிறைவேற்று மனு. இதற்குத் தனிக் கட்டணம் உண்டா இல்லையா என்பதை முதல் நாள் காகிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும். நான் எழுதவில்லை, அதனால் சும்மா செய்தேன்.

திருத்திய பி.பி.ஓ. வந்ததும் சதவீதம், தொடங்கும் தேதி, ஆயுளுக்கா குறிப்பிட்ட ஆண்டுக்கா என்ற மூன்றையும் உத்தரவோடு ஒப்பிடுங்கள். தவறு இருந்தால் அந்த வாரமே எழுதுங்கள். பிறகு கணக்குச் சீட்டு: வாங்கியது இவ்வளவு, செலவு இவ்வளவு, மீதி இவ்வளவு. மீதி இருந்தால் திருப்பிக் கொடுத்துக் கையெழுத்து. பைலை முழுசாக ஒப்படைத்துப் பதிவேட்டில் ஒரு கையெழுத்து. என் நாயக் அன்றைக்கும் அதே மஞ்சப்பையோடு வந்தார். காகிதத்தையெல்லாம் அடுக்கி, அதே இரண்டு ரப்பர் பேண்டைப் போட்டார். நவம்பரில் ஆயுள் சான்று கொடுக்க மறந்துவிடாதீர்கள் என்று உறையின் மேல் பெரிதாக எழுதிக் கொடுத்தேன்.